வெளியே போகும்போது ஒரு ‘ஆம்’

“உன் பொண்ணுக்கு ஈவு இரக்கமே கிடையாதும்மா.”

லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் பொத்தென்று உட்கார்ந்தான் இளையவன். அக்காவும் அவனும் ஒரே ஆபீஸ்; இன்று இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் மெஷின்களுக்குப் புரோகிராம் எழுதுகிறார்கள். சொட்டு மருந்து தீர்ந்தால் மணி அடிக்க வேண்டும், அதுதான் வேலை.

அவன் சேர்ந்து ஆறு மாதம். இன்று ஐந்து மணிக்குள் அவன் எழுதியது தேறினால்தான் வேலை நிரந்தரம்.

தேறவில்லை. அக்கா போன வாரம் எழுதி வைத்த சோதனை விதி, காலையிலேயே சிவப்புக் கோடு போட்டுத் திருப்பிவிட்டது.

“அப்படி என்னடா தப்பு?” காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள் அம்மா.

“புரோகிராம்ல சில வேலைகளை நாம கூப்பிடவே வேண்டாம்மா. தானாவே வந்து நிக்கும். ஒரு இடத்துக்குள்ள நுழையும்போது ஒண்ணு, வெளியே போகும்போது ஒண்ணு. வெளியே போறது ‘ஆம்’, ‘இல்லை’ன்னு பதில் சொல்லலாம். அது எல்லா ஊர்லயும் உள்ளதுதான். உன் பொண்ணுதான், பதிலே சொல்லக் கூடாதுங்கறா.”

“சொன்னா என்னவாம்?”

உள் அறையிலிருந்து மூத்தவள் குரல் வந்தது. “அது ‘ஆம்’னு சொல்லிட்டா, உள்ளே நடந்த கோளாறையெல்லாம் முழுங்கிடும்மா. மணி அடிக்காது. எல்லாம் சரியா இருக்குன்னு நர்ஸ் நினைச்சுக்குவாங்க. காய்ச்சல்ல படுத்துக்கிட்டு, பெரியம்மாகிட்ட போனை வைக்கும்போது ‘நான் நல்லாத்தான் இருக்கேன்’னு சொல்லுவியே, அந்த மாதிரி.”

அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“தம்பிக்காக ஒரே ஒரு நாள் அந்த விதியை எடுத்து வெச்சா என்னடி? நாளைக்குத் திரும்பப் போட்டுக்கோ.”

“மாட்டேம்மா.”

பிள்ளையையா பெத்தேன், கல்லைப் பெத்தேன் என்று இருந்தது அம்மாவுக்கு.

“அவ விதியெல்லாம் புதுசா வர்றவனுக்குத்தான்,” என்றான் இளையவன். “நாலு வருஷத்துக்கு முன்னாடி அவ எழுதினதை யாரும் சோதிக்கலையே. இப்ப பாரு வேடிக்கையை.”

அக்காவின் பழைய வேலையைத் திறந்து சோதனையை ஓடவிட்டான்.

சிவப்புக் கோடு. அதே இடம். அதே தப்பு.

“நான் இதைப் பாத்துத்தாம்மா எழுதினேன். மேலதிகாரிக்கு இதை இப்பவே அனுப்பறேன்.”

“வேண்டாம்டா. அக்காடா அவ.”

“அவளுக்கு மட்டும் தம்பின்னு தோணிச்சா?”

ஆபீஸ் கடிதப் பெட்டியைத் திறந்தவன் திரையைக் குனிந்து படித்தான். காலை பத்து மணிக்கு அக்கா அனுப்பிய கடிதம் மேலாக இருந்தது. மேலதிகாரி முதல் எல்லோருக்கும் போயிருந்தது.

“வாய்விட்டுப் படிடா.”

“‘மணி அடிக்கும் பகுதியில் நாலு வருடமாக ஒரு தவறு இருந்திருக்கிறது. எழுதியவள் நான். இன்றைக்கே திருத்தித் தருகிறேன்...’”

“கடவுளே, இத்தனை நாளும் நீதான் காப்பாத்தியிருக்கே.” அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். “ஏன்டா நிறுத்திட்டே? இன்னும் இருக்கா?”

அவன் குரல் இறங்கிவிட்டது. “‘நம் புதியவர் என்னுடையதைப் பார்த்து எழுதியதால்தான் இது வெளியே வந்தது. அவருக்கு நாளை வரை நேரம் கொடுங்கள். சிவப்புக் கோட்டை என் பேரில் போட்டுக்கொள்ளுங்கள்.’”

கீழே மேலதிகாரியின் பதில் ஒரே வரி: ‘நாளை ஐந்து மணி.’

“ஏன்க்கா என்கிட்ட சொல்லலை?”

“கடிதம் வந்து அஞ்சு மணி நேரமாச்சு. நீ படிச்சுட்டுத் திருத்திக்கிட்டு இருக்கேன்னு நினைச்சேன். அம்மாகிட்ட கோள் மூட்டிக்கிட்டு இருக்கேன்னு யாருக்குத் தெரியும்?”

அப்போது அம்மாவின் போன் அடித்தது. பெரியம்மா.

“எப்படி இருக்கே?”

வழக்கமான பதில் வாய் வரைக்கும் வந்தது. அம்மா உள் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

“நாலு நாளா முழங்கால் வலி உயிர் போகுதுக்கா,” என்றாள், தலையை நன்றாக நிமிர்த்திக்கொண்டு. “பொய் சொன்னா என் பொண்ணு விடமாட்டா.”