கையை இறக்கு

சமையலறை ஜன்னல் வெயில் மேடைமேல் இருக்கும் தண்ணீர் டம்ளரில் நடுங்குகிறது. காது கேளாத ஐந்து வயது மகனின் இரு கைகளையும் அம்மா தன் ஒரு கைக்குள் இறுக்கி வைத்திருக்கிறாள். "ஜாடை காட்டாதடா. வாயைத் தொறந்து தண்ணின்னு சொல்லு, ராசா." அவன் அவள் உதடுகளையே பார்த்து வாயைக் குவிக்கிறான், விரிக்கிறான், வெறும் காற்றுதான் வருகிறது. "தவிச்ச வாய்க்குத் தண்ணி குடுக்காம என்னடி படிப்பு வேண்டிக்கிடக்கு?" என்கிறார் அப்பா. "இன்னிக்கு விட்டா என்னிக்குமே பேசமாட்டான்!" அவள் குரல் உடைகிறது, பிடி தளர்ந்து அவனுடைய ஒரு கை விடுபடுகிறது. அது டம்ளருக்குப் போகவில்லை. அவள் தாடையில் மச்சம் இருக்கும் இடத்தை அவன் தன் தாடையில் தொட்டுக் காட்டுகிறான். யாரும் சொல்லித்தராமல் அவளுக்கு அவனே வைத்த பெயர் அது. "கையை இறக்குடா" என்று அழுதுகொண்டே அந்தக் கையையும் பிடித்துக்கொள்கிறாள்.