ரோமாபுரி மூக்கு

"சத்தியமா புதையல் இல்ல மேடம். கவரிங்!"

பழனிவேல் அழுதேவிட்டான். குமராட்சி மினி பஸ்ஸில் அவன் சட்டைப்பையிலிருந்து விழுந்த இரண்டு காசுகள், சப்-இன்ஸ்பெக்டர் மங்கலத்தின் மேஜையில் மஞ்சளாக மின்னின. பார்த்த எவனோ போன் போட்டுவிட்டான். புதையலை மறைத்தால் காசும் போகும், ஆளும் உள்ளே போவான்.

"ரோமாபுரி ராஜா காசு மாதிரியில்ல இருக்கு? கனமா வேற இருக்கு" என்றார் மங்கலம்.

"உள்ள ஈயம் மேடம். சிதம்பரத்துல கவரிங் பட்டறையில வேலை பாக்கறேன். கூத்துல ராஜா வேஷத்துக்கு மாலை கோக்கலாம்னு நானே அச்சு வெட்டினேன். அது என் தங்கச்சி வீட்டுக்காரர் தலை."

"பின்பக்கம் நாற்காலியில ஒரு பொம்பள உக்காந்திருக்காளே?"

"தங்கச்சி, மேடம். எப்பப் பாத்தாலும் உக்காந்துதான் இருப்பா."

"ஒண்ணை வெட்டிப் பாத்துடலாமா?"

"ஐயோ, ரெண்டு வாரத்து உழைப்பு மேடம்! என் மாப்பிள்ளையைக் கூப்ட்டுப் பாருங்க."

தங்கை புருஷன் இளவரசு ஸ்ரீமுஷ்ணத்துக்காரன். வந்தவனைக் கான்ஸ்டபிள் ராஜாமணி பக்கவாட்டில் நிறுத்தினார். காசிலிருந்த தலையில் இலைக் கிரீடம் இருந்ததால், வாசல் வேப்பமரத்தில் ஒரு கொத்து ஒடித்து அவன் தலையிலும் சுற்றினார். மங்கலம் காசை அவன் காதோரம் பிடித்துப் பார்த்தார்.

அதே நெற்றி. அதே மோவாய். மூக்கும் அதே கிளிமூக்கு. ஸ்டேஷனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பாவம், இளவரசுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நீ என்ன வேலை பாக்கற?"

"தேடிக்கிட்டிருக்கேன் மேடம். பத்து வருஷமா."

"இவனுக்குப் போயி எப்படிய்யா பொண்ணு குடுத்த?"

"தங்கமான மனுஷன் மேடம்" என்றான் பழனிவேல்.

மங்கலம் காசுகளை அவன் பக்கம் தள்ளினார். "இதை அசல்னு யாருகிட்டயாவது வித்தே, தொலைச்சுடுவேன்."

வீட்டு வாசலில் இளவரசு தலையிலிருந்த வேப்பிலையை உதறிக்கொண்டிருந்தான். உள்ளே தங்கை மோனிகா நாற்காலியை விட்டு எழுந்து அரிசி டிரம்மைத் திறந்தாள். அவள் கல்யாணத்துக்கு முந்தின மாதம், கக்கூஸுக்குப் பள்ளம் தோண்டியபோது கிடைத்த பானை அதற்குள் இருந்தது. பழனிவேல் இரண்டு காசுகளையும் மற்ற நூற்றுப்பத்தோடு சேர்த்துப் போட்டான்.

"அன்னைக்கே சொன்னனா இல்லியா அண்ணே?" என்றாள் மோனிகா. "மாப்பிள்ளைக்கு வேலை வேணாம், வீடு வேணாம், காசுல இருக்கற அந்த மூக்கு இருந்தா போதும்னு!"