பின்னணி ஓசை

உலக சினிமா வரலாற்றையே திருத்தி எழுதவேண்டிய மாபெரும் கண்டுபிடிப்பு ஒன்று, அன்று மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் நிகழ்ந்தது. கண்டுபிடித்தவர் என் கணவர்.

"அந்தத் தட்டுற சத்தத்தைக் கவனிச்சியா? பேய் வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுது. டைரக்டர் ஒளிச்சு வச்ச குறிப்பு."

"ஏங்க, காதல் பாட்டுலகூடக் கேட்டுச்சே?"

"அங்கதான் நிக்கிறான் மனுஷன். அது பேய் இல்ல, குற்ற உணர்ச்சி. வீட்டுல யாரையோ மறந்துட்டாங்கன்னு அர்த்தம்."

படம் முடிந்தது. டிவியை அணைத்தார். தட்டும் சத்தம் நிற்கவில்லை.

பேய்ப்படத்துக்கு இருட்டு வேண்டுமென்று மொட்டைமாடிக் கதவைத் தாழிட்டவர் அவர். "மழை வருது மாமா, துணியை எடுத்துடுங்க" என்று மாமனாரை மேலே அனுப்பியவள் நான்.

ஓடிப்போய்த் திறந்தோம். சொட்டச் சொட்ட நனைந்து நின்ற மாமனார், "படம் முடிஞ்சிருச்சாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பேயே வந்திருக்கலாம்.