கைப்பிடிக்காரர் மகன்

“மாமா இன்னும் கார்லயே உட்கார்ந்திருக்காருங்க” என்றாள் ஆர்க்கிடெக்டின் மனைவி.

“உட்காரட்டும். கோபத்துல இருக்கார்.”

ஆர்க்கிடெக்டுக்கும் கோபம்தான். யார் யாருக்கோ வீடு வரைந்து கொடுத்தவர், முதன்முதலாகத் தனக்கென்று கட்டிய வீட்டைத் திறக்கிற நாள். வந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள். ‘நல்லா இருக்குடா’ என்று அவர் யார் வாயால் கேட்க ஏங்கினாரோ, அந்த ஒரு ஆள், அவருடைய அப்பா மட்டும் கேட்டுக்கு வெளியே காரில்.

காரணம் அவருக்குத் தெரியும். குடும்பத் தொழிலே கைப்பிடி. மாடிப்படிக் கைப்பிடி, பால்கனிக் கைப்பிடி, ஆஸ்பத்திரிக் கைப்பிடி என்று செய்து குவித்த அப்பாவுக்கு ஊரில் பெயரே ‘கைப்பிடிக்காரர்’தான். அந்தப் பணத்தில் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த மகன் வந்ததும் வராததுமாகச் சொன்னது, “கைப்பிடி அழகைக் கெடுக்குதுப்பா.”

இந்த வீட்டைக் கட்டியதும் கைப்பிடி விற்ற பணம்தான். அதை மட்டும் பேட்டிகளில் அவர் சொல்வதில்லை.

கொள்கைப்படி, வாசலிலிருந்து மொட்டைமாடி வரை படிகள் அந்தரத்தில் நின்றன. வீட்டுக்குள் நுழையவே படியேற வேண்டும்; பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. பத்திரிகைக்காரர்கள் படிகளைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தார்கள். அவரும் ஒரு படியில் நின்று ஸ்டைலாகச் சாய்ந்தார். சாய எதுவும் இல்லாததால் விழப் பார்த்தார்.

பொறுக்க முடியாமல் காருக்கே போனார்.

“கைப்பிடி வைக்கலைன்னுதானே உள்ளே வரமாட்டேங்கறீங்க?”

அப்பா கண்ணாடியை இறக்கினார். கொஞ்சம் யோசித்தார்.

“ஆமாடா. தொழில் பண்றவனுக்கு ரோஷம் இருக்காதா? நீ போய் வந்தவங்களைக் கவனி.”

“இந்த வயசுல இவ்வளவு வீம்பாப்பா?”

“வீம்புன்னே வெச்சுக்கயேன்.”

ஜெயித்த தெம்பில் விறுவிறுவென்று படியேறி வந்தார் ஆர்க்கிடெக்ட்.

“நான் சொன்னேன்ல? வாயைத் திறந்து ஒத்துக்கிட்டார். பெத்த பிள்ளை வீட்டைவிட நாலு கம்பி பெரிசாப் போச்சு!”

மனைவி சிரிக்கவில்லை.

“போன வாரம் நீங்க வெளியே போயிருந்தப்ப மாமா வந்தாருங்க. வீட்டைப் பார்க்கணும்னு அவ்வளவு ஆசை. பாதிப் படியில முட்டி பிடிச்சுக்கிச்சு. ஏறவும் முடியல, இறங்கவும் முடியல. ஒவ்வொரு படியா உட்கார்ந்து, நகர்ந்துதான் கீழே போனார்.”



“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார். ‘தெரிஞ்சா உடனே கைப்பிடி வெச்சிடுவான்மா. ஆசை ஆசையா வரைஞ்சிருக்கான், அழகு கெட்டுடும்’னார்.”

அப்பாவிடம் போக அவர் திரும்பினார். படி மங்கலாகத் தெரிந்தது. இரண்டு படி இறங்குவதற்குள் கால் தடுமாறி, கை தானாகப் பக்கத்தில் நீண்டு கைப்பிடியைத் தேடியது.