அத்தை விரித்த மெத்தை

"உங்கம்மா என் வீட்டுப் படியே மிதிக்கலடா மாறா."

சென்னையிலிருந்து வேதா அத்தை காலங்காத்தாலயே போனில் பொரிந்து தள்ளினாள். மாறன் பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்தான்.

"இல்லியே அத்தை. உங்க வீட்ல தான் இருக்கேன்னு நேத்து சாயந்திரம் கூட சொன்னாங்களே."

"எங்கிட்ட யாரோ சிநேகிதி வீட்ல தங்கிக்கறேன்னு சொன்னாங்க. இங்க நான் ராத்திரி மெத்தை விரிச்சு, பாயசம் வச்சுட்டு உக்காந்திருந்தேன். யாருடா அந்த சிநேகிதி?"

மாறனுக்கு எப்படித் தெரியும். அம்மாவுக்குத் திருவண்ணாமலையிலேயே சிநேகிதி கிடையாது.

"விசாரிச்சுச் சொல்றேன் அத்தை" என்று வைத்தான்.

அம்மா மணிமொழி சென்னைக்குப் போனதே பெரிய கதை. ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அவளுக்குச் சமையல் வேலை. அங்கே தங்க வந்த ஒரு சென்னைக்காரம்மா, மார்கழியில் பகல் கச்சேரிக்குப் பல சபாவில் டிக்கெட்டே கிடையாது, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அம்மாவுக்கு அதே நினைப்பு. பாட்டு காதில் விழுந்தால் அடுப்பில் பால் பொங்குவது கூடத் தெரியாத ஜென்மம் அவள்.

திட்டமெல்லாம் அவளே போட்டாள். செலவு பஸ் டிக்கெட் மட்டும்தான். சாப்பாட்டுக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டாள். ராத்திரி தங்க நாத்தனார் வீடு. அதற்காகத்தான் அப்பா வேடியப்பனே தலையாட்டினார்.

"என் தங்கச்சி பார்த்துக்குவா. வேற எங்கயாவது தங்கற வேலை வெச்சுக்கிட்டே, இதுதான் நீ போற கடைசி ஊர்."

இப்போது அத்தை இப்படிச் சொல்கிறாள்.

மாறன் உடனே அம்மாவுக்குப் போன் போட்டான்.

"எங்கம்மா இருக்கே?"

"அத்தை வீட்லதான்டா. இட்லி சாப்ட்டேன்."

பின்னால் ஒரு குரல், எந்த ரயில் எந்த பிளாட்பாரம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"அது என்ன சத்தம்?"

"டிவிடா. வைக்கிறேன்."

மாறன் ப்ளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். மொபைல் கவர் கடையில் நிற்கிறான். "இது ரெண்டு மாசத்துல பிஞ்சிடும்க்கா" என்று வாங்க வந்தவர்களிடமே சொல்லி முதலாளியிடம் திட்டு வாங்குவான். பொய் என்றாலே அவனுக்கு எரியும். அதுவும் அம்மா. அத்தையிடம் ஒன்று, வீட்டில் ஒன்று. எதுக்கு? நினைக்கவே பிடிக்காத இடத்துக்கெல்லாம் புத்தி போய்விட்டு வந்தது. அப்பாவிடம் சொன்னால் அம்மா இனி வாசல் தாண்ட முடியாது. சொல்லாவிட்டால் தானும் பொய்யன்.

பொழுது சாயும் நேரம் பஸ் ஸ்டாண்டில் பைக்கை நிறுத்திக் காத்திருந்தான். சென்னை பஸ்ஸிலிருந்து அம்மா இறங்கினாள். கண் சிவந்து, புடவை கசங்கிக் கிடந்தது. ஆனால் உதட்டில் ஏதோ பாட்டின் முணுமுணுப்பு, முகமெல்லாம் சிரிப்பு. அதைப் பார்த்ததும் அவனுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"ராத்திரி எங்க தங்கினே?"

"வந்ததும் வராததுமா என்னடா இது?"

"அத்தை போன் பண்ணாங்க. நீ போகவே இல்லியாம். யாரும்மா சிநேகிதி?"

அம்மா முகத்தில் சிரிப்பு போனது.

"அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"எழும்பூர் ஸ்டேஷன்ல இருந்தேன். ஊருக்குப் போற ஜனத்தோட ஜனமா."

"பைத்தியமா உனக்கு? மெத்தை விரிச்சு வச்சுட்டுக் கூப்பிடறாங்க, நீ போய்..."

"போனேன்டா. அவ வீட்டுக் கதவு வரைக்கும் போனேன். தட்டப் போறேன், உள்ள பேச்சு. 'இன்னிக்கு ராத்திரி மட்டும் நீங்க வெளிய ஆட்டோவுல படுத்துக்குங்க. நைட்டு சவாரின்னு அண்ணிகிட்ட சொல்லிக்கறேன். மெத்தையும் பாலும் பக்கத்து வீட்ல வாங்கிட்டேன். நாம படற பாடு எங்கண்ணன் காதுக்குப் போகக்கூடாது'ன்றா வேதா. உங்க மாமா இருமிக்கிட்டே சரிங்கறாரு. இருக்கறதே ஒரே ரூம், நான் உள்ள போனா அந்த மனுஷன் பனியில படுக்கணும். திரும்பிட்டேன்."

மாறன் அவள் பையை வாங்கி பைக்கில் மாட்டினான்.

"இதை அத்தைகிட்டயே சொல்லித் தொலைக்கிறதுதானே? உன்னைத் திமிர் பிடிச்சவள்னு நெனைச்சிட்டிருக்காங்க."

"நெனைச்சுக்கட்டும். நான் கேட்டுட்டேன்னு தெரிஞ்சா அவ கூனிக் குறுகிப் போயிடுவா. மறுபடி போன் பண்ணா, 'ஆமா அத்தை, அம்மாவுக்கு வசதியான இடத்துலதான் தூக்கம் வருமாம்'னு சொல்லிடு. நாலு நாள் திட்டிட்டு விட்டுடுவா."

"எனக்குப் பொய் வராது."

"ஒரே ஒரு தடவை வரட்டும்டா."

பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அத்தைதான்.

"வந்துட்டாங்களா மகாராணி? கேட்டியாடா? என் வீட்ல தங்கினா கௌரவம் கம்மியாயிடுமாமா?"

அம்மா, சொல்லு சொல்லு என்று கண்ணாலேயே கெஞ்சினாள். சொல்ல வேண்டியதை மாறன் மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தான். வாய் வரைக்கும் வந்தது.

"லைன்ல இருக்கியாடா? பேசு."

சொல்லச் சொன்னதை விட்டுவிட்டு, "மாமாவுக்கு இருமல் தேவலையா அத்தை?" என்று கேட்டான். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள், கதவுக்கு வெளியே நின்று கேட்ட இருமலாயிற்றே.