ரசிகர் போட்ட குறி

“மழுப்பாதீங்க. என் கதைகளைப் பாராட்டி எழுதுற அந்த ஒரே ரசிகர் நீங்கதானே?”

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவன் சிரித்தான். “நான் உன் கதையைப் படிக்கிறதே இல்லைன்னு திட்டுவே. இன்னிக்கு இது வேறயா?”

அவள் இணையத்தில் கதை எழுதுகிறாள். பரிதாபப்பட்டுக் கணவனே பாராட்டுகிறான் என்றால், இன்றோடு எழுத்தை நிறுத்திவிடுவது என்றிருந்தாள்.

“இதைப் பாருங்க.”

ரசிகரின் கடிதம் அவள் வரியை எடுத்துப் போட்டிருந்தது: „மழை நின்ற பிறகும் மாடிப்படிகள் பேசிக்கொண்டிருந்தன.” ‘இதை இரண்டு முறை படித்தேன்’ என்றும் எழுதியிருந்தார்.

“மேற்கோள் குறி கீழே, ரெண்டு கமா மாதிரி தொடங்கியிருக்கு. இப்படி யாரு போடுவா? ஆனா நம்ம வீட்டுல எங்கேயோ பார்த்திருக்கேன்.”

“என் போன்ல தேடிக்கோ தாயே.”

தேடினாள். அவன் அனுப்பியவற்றில் அந்தக் குறி எங்குமே இல்லை. அவனுக்குக் காலையில் வந்த ஒரு செய்தியில் இருந்தது:

பிளம்பர் „சாயங்காலம் வரேன்”கிறார். எழுத்தாளரம்மா கனவு காணாம கதவைத் திறக்கட்டும்.

அனுப்பியவர் மாமியார்.

அடுத்த அறையில் அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். “வாங்க எழுத்தாளரே. எழுதிக் கிழிச்சது போதும், இதுல கொஞ்சம் மடி.”

மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்தாள்.

“அத்தை, புதுக் கதைக்கு முடிவு சரியா அமையலை. போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பார்த்துச் சொல்றீங்களா?”