சின்னவளின் கன்னச் சிவப்பு

“பாருங்க டாக்டர், ஆஸ்பத்திரிக்கு வரும்போதுகூட கன்னத்துல ரூஜ் பூசிட்டு வந்திருக்கா!” என்றாள் பெரியவள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னவள், அவளுடைய கொழுந்தன் மனைவி, தலையைக் குனிந்துகொண்டாள். மூக்குத் தண்டைத் தாண்டி இரண்டு கன்னத்திலும் ஒரே சிவப்பு.

அந்தச் சிவப்பைப் பார்த்துப் பார்த்துத்தான் பெரியவளுக்கு வயிறு எரிந்தது. மாமியார் வாய்க்கு வாய் “ரோஜாப்பூ” என்று கொஞ்சுவாள். கொழுந்தனோ கண்ணை எடுக்கமாட்டான். சின்னவள் வெளியே போன நேரமாகப் பார்த்து அவள் பீரோவைக் கிளறிப் பார்த்துவிட்டாள் பெரியவள். ரூஜ் டப்பா மட்டும் அகப்படவில்லை. கள்ளி! எங்கே ஒளித்து வைத்திருக்கிறாளோ!

தோல் டாக்டர், எலும்பு டாக்டர், பல் டாக்டர் என்று சின்னவள் ஏறாத படியில்லை. க்ரீம், வலி மாத்திரை, வாய் கொப்பளிக்க மருந்து என்று ஆளுக்கொன்று கொடுத்தார்கள். இன்று இந்தப் பொது மருத்துவரிடம் பெரியவள் துணைக்குக் கிளம்பியதே, “இவளுக்கு ஒண்ணுமில்லை, நடிக்கிறா” என்று டாக்டர் வாயாலேயே கேட்டு மாமியாரிடம் போய்ச் சொல்லத்தான்.

“உங்களுக்கு என்னம்மா பண்ணுது?” டாக்டர் சின்னவளிடம் கேட்டார்.

“அசதியா இருக்கு…”

“அசதியா? என்னைக் கேளுங்க டாக்டர்!” பெரியவள் பிடித்துக்கொண்டாள். “காலையில காய் நறுக்கச் சொன்னா விரல் மடங்கலையாம். வெயில்ல துணி காயப்போடச் சொன்னா சாயங்காலமே காய்ச்சலாம். வாயில புண்ணுன்னு யாருமே காரம் சாப்பிடக் கூடாதாம். பாத்ரூம் முழுக்க இவ முடிதான், அள்ளுறது நானு! இப்ப காலு வேற வீங்குதாம், செருப்பு நுழையலையாம். எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்!”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஈரப் பஞ்சால் சின்னவளின் கன்னத்தைத் துடைத்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

“இது ரூஜ் இல்லைம்மா. நீங்க சொன்னதெல்லாம் தனித்தனி வியாதியும் இல்லை. லூபஸா இருக்கலாம், உடம்பு தன்னைத்தானே தாக்கிக்கிற நோய். கிட்னியைத் தொட்டிருக்கான்னு பார்க்கணும், ரத்தம், யூரின் ரெண்டும் இன்னிக்கே கொடுத்துடுங்க. இதுக்குன்னே ருமட்டாலஜிஸ்ட் இருக்காங்க, அவங்ககிட்ட அனுப்புறேன். நல்லவேளை, எல்லாத்தையும் சேர்த்துச் சொன்னீங்க.”

பெரியவள் அந்த வெள்ளைப் பஞ்சையே பார்த்தாள்.

சரியாக மடங்காத விரல்களால் சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த வீட்டுல என்னை இவ்வளவு கவனிச்சது நீங்க ஒருத்திதான்க்கா.”